இடதுபக்க போல்ட்

வண்டி விழுந்தபோது கேப்டன் முதலில் தூக்கியது வண்டியைத்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மனைவியின் கால் அதன் அடியில்தான் மாட்டியிருந்தது. ஓடி வந்தவர்கள்கூட, "ஒரே மூச்சுல தூக்கிட்டான்யா மனுஷன்" என்று மெச்சினார்கள். தூக்கிய பிறகு அவன் என்ன செய்தான் என்பதைக் கீழே கிடந்தவள் மட்டும்தான் பார்த்தாள். ஸ்டாண்டைப் போட்டான். டேங்கின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டான். குனிந்து, இன்ஜின் மூடியில் விழுந்திருந்த கோட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தான். அப்புறம்தான் திரும்பி, "எந்திரிக்க முடியுதா?" என்று கேட்டான்.

முடியவில்லை. கணுக்கால் மூன்றாக உடைந்திருந்தது.

கேப்டன் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய வண்டிகளை எடுத்துக்கொண்டு கூட்டமாகச் சுற்றும் ஏழெட்டுப் பேர் அவனுக்கு வைத்த பெயர். மற்ற ஆறு நாளும் அவன் ஒரு கிடங்கில் லாரியிலிருந்து சரக்கு இறங்குவதை மேற்பார்வை பார்க்கிறவன். அங்கே அவனை யாரும் கேப்டன் என்று கூப்பிடுவதில்லை. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பம்ப் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஒவ்வொரு பம்பின் மூடிக்கும் எட்டு போல்ட், எட்டையும் ஒரே அளவுக்கு முடுக்க வேண்டும். அதற்கென்று நீளமான ஒரு ரெஞ்ச் உண்டு. அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும்; அதோடு கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்குவது வேலையில் சேர்த்தியில்லை, முரட்டுத்தனம். போகப் போக ரெஞ்ச் சொல்லும் முன்பே அவள் வாய் 'டிக்' என்று சொல்லிவிடும். அதனால் அங்கே எல்லாருக்கும் அவள் டிக் அக்கா.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பின் மேல் வைத்த தகட்டையும் ஆறு திருகையும் டாக்டர் காட்டியபோது, "இதை எவ்வளவு முடுக்கினீங்க சார்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். "கைக்குத் தெரியும்மா" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் தொழிற்சாலை வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு அவள் இடத்தில் வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டில் கேப்டன், அவள், அவன் அம்மா. விபத்தின் கதையைக் கேப்டன் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே மாதிரி சொன்னான். "வளைவுல நான் இந்தப் பக்கம் சாய்ஞ்சா இவ அந்தப் பக்கம் சாயறா. வண்டி என்ன பண்ணும்?" வளைவில் மணல் கிடந்ததும், அவள் இரண்டு தடவை "மெதுவா போங்க" என்றதும் கதையில் வராது. மாமியார் அதற்கு வால் சேர்ப்பாள். "உக்காரத் தெரியாதவளுக்கு சவாரி எதுக்கு? மூட்டை தூக்கி வச்சிருந்தாக்கூட ஒழுங்கா உக்காந்திருக்கும்." திரும்பத் திரும்பக் கேட்டதில், தான்தான் சாய்ந்தேனோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது.

கட்டுப் பிரித்த மூன்றாவது வாரம், கேப்டன் காலையிலேயே உற்சாகமாக இருந்தான்.

"கெளம்பு. உனக்கும் கொஞ்சம் வெளிய வந்த மாதிரி இருக்கும்."

அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோதுதான் எங்கே போகிறோம் என்று சொன்னான். வண்டிக்கு ஃபிரேம் ஸ்லைடர் வாங்க. அது என்ன என்று அவள் கேட்கவில்லை, அவனே விளக்கினான். வண்டியின் இரண்டு பக்கமும், இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் முஷ்டி அளவுக்கு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் கட்டையை நீள போல்ட்டால் மாட்டுவார்கள். வண்டி சாய்ந்தால் கட்டைதான் தரையில் தேயும். டேங்குக்கும் இன்ஜினுக்கும் ஒன்றும் ஆகாது.

"இது முன்னாடியே இருந்திருந்தா அந்தக் கோடு விழுந்திருக்காது" என்றான், பெருமூச்சோடு.

அவள் தன் கணுக்காலைப் பார்த்தாள். கட்டை முன்பே இருந்திருந்தால் வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடைத்திருக்கும். அவன் அதை யோசித்துவிட்டு ஒதுக்கினான் என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது தோன்றவே இல்லை.

உதிரிபாகக் கடை ஒரு நீளமான குகை மாதிரி இருந்தது. கூரை வரை அட்டைப்பெட்டிகள், ரப்பர் வாசனை. கவுன்டரில் இருந்தவரை எல்லாரும் அகராதி என்று கூப்பிட்டார்கள். திமிர் பிடித்தவர் என்பதால் இல்லை. எந்த வண்டிக்கு எந்தச் சாமான், அதன் எண் என்ன, எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஐம்பது தாண்டிய, ஒல்லியான மனிதர். காதில் பென்சில். ஊன்றுகோலைப் பார்த்ததும், கேட்காமலே கவுன்டருக்கு உள்ளேயிருந்து தன் ஸ்டூலை எடுத்து வந்து போட்டார்.

"உக்காருங்கம்மா. கால்ல என்ன?"

"வண்டில விழுந்துட்டேன்."

"அதுக்குத்தான் இதா?" என்று கட்டைகளைக் கேப்டன் முன் வைத்தார். "நல்ல காரியம் சார். ஆள் காலுக்கும் இது பாதுகாப்பு."

கேப்டன் கட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "வேற கலர் இருக்கா? வண்டி கறுப்பு. இதுல சிவப்பு ஓரம் வருதே."

கறுப்பு எடுத்துத் தந்தார். பிறகு போல்ட்டை நிறுத்திக் காட்டினார். "சார், ஒண்ணே ஒண்ணு. இது ஏறுற காது, இன்ஜின்லேருந்து ஓட்டையோட நீட்டிட்டிருக்கே அது, அலுமினியம். ரொம்ப முடுக்கினா மரை போயிடும், இல்ல காதே விண்டுடும். நாப்பத்தஞ்சுல நிறுத்திடுங்க. அளவு வந்ததும் 'டிக்'னு சொல்ற டார்க் ரெஞ்ச் இல்லேன்னா மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க, கால் மணி நேர வேலை." பென்சிலை எடுத்துப் பெட்டி மூடியில் 45 என்று எழுதி வட்டம் போட்டார்.

"நாப்பத்தஞ்சா? மூடி போல்ட்டுக்கு எங்களுக்கு நாப்பது" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எங்கம்மா வேலை பாத்தீங்க?"

சொன்னாள். அந்தத் தொழிற்சாலை பம்ப் ஒன்று தன் வீட்டில் பதினாலு வருஷமாக ஓடுவதாகவும், ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்றும் அகராதி சொன்னார். "யாரு முடுக்கினாங்களோ, நல்லா இருக்கட்டும்னு நெனப்பேன். நீங்களாக்கூட இருக்கலாம்." ஆறு மாதத்தில் அவளிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் ஊன்றுகோலின் பிடியைத் துடைத்தபடி குனிந்துகொண்டாள்.

"போலாமா? கதை பேசினது போதும்" என்றான் கேப்டன்.

அடுத்த ஞாயிறு காலை, குடியிருப்பின் கீழே தூண்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினான். மெக்கானிக்கிடம் கொடுப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டைச் செருகினான். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, கழற்றிய போல்ட்டுகளைப் பத்திரமாக வாங்கிக்கொண்டாள். மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து மேற்பார்வை.

வலதுபக்கம் ஒழுங்காகவே போனது. பழைய போல்ட்டை எடுத்தான், கட்டையை வைத்தான், புது போல்ட்டை ஏற்றினான். கையடக்க ஸ்பேனர்தான் இருந்தது. அதில் அவன் பலத்துக்கு முடுக்கியது சரியான அளவைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் காது தாங்கியது. அவள் மனதுக்குள் 'டிக்' என்று சொல்லிக்கொண்டாள்.

இடதுபக்கம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முடுக்கி முடித்துவிட்டுக் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கட்டை நூலளவு சுழன்றது. வாஷர் ஒன்று குறைந்தால் அப்படித்தான் சுழலும். வாஷர் அவள் தட்டில்தான் இருந்தது.

"ஏங்க, வாஷர்..." என்று தொடங்கினாள்.

"உன்னைக் கேட்டனா?"

"இல்ல, அதை வைக்காம முடுக்கினா..."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சிரித்தபடி மாடிப்படியைப் பார்த்தான். "அம்மா, கேட்டியா? ஃபேக்டரில போல்ட் முடுக்கினவங்க பாடம் எடுக்கறாங்க." பிறகு அவளிடம் திரும்பினான். "நீ ஒழுங்கா உக்காந்திருந்தா இந்தக் கட்டைக்கே வேலை இல்ல. புரியுதா? வாயை மூடிட்டுத் தட்டைப் பிடி."

"தட்டையாவது ஒழுங்கா பிடிக்கட்டும்" என்றாள் மாமியார்.

அவள் தட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் மூலையில் கிடந்த ஒரு முழ நீளக் குழாயை எடுத்து ஸ்பேனரின் பிடியில் செருகினான். கை நீளம் கூடினால் பலம் மூன்று மடங்கு. குழாயின் நுனியில் பிடித்து அழுத்தினான். போல்ட் கிறீச்சிட்டது. அவள் காது தானாகக் கூர்ந்தது. அளவு வந்தது, தாண்டியது. அவள் பேசாமல் இருந்தாள். அவன் ஒரு காலை வண்டிச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து மறுபடி அழுத்தினான். முடுக்கம் ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு கணம் இளகியது, கெட்டி வெல்லத்தில் கத்தி இறங்குவது போல. பதினோரு வருஷத்தில் அந்த இளக்கத்தை அவள் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பம்பைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

"இப்ப பாரு, அசையுதா?" என்றான் கேப்டன் வேர்வையைத் துடைத்தபடி.

"அசையல" என்றாள்.

அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பயம் என்று முதலில் நினைத்தாள். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தனக்குத் தெரியாமல் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது பயம் இல்லை என்று தெரிந்தது. பெட்டியின் மூடியில் கையைத் துடைத்து அவன் எறிந்திருந்தான். 45 என்ற எண் கிரீஸில் மறைந்து குப்பைக்கூடையில் கிடந்தது.

உடைந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்தாள். இன்ஜினை மேலேயும் பின்னாலும் இன்னும் மூன்று போல்ட் பிடித்திருக்கின்றன, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு சரியா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது.

பதினைந்தாம் நாள் உடைந்தது. கூட்டத்துக்கு முன்னால் முதல் ஆளாகக் கேப்டன் போய்க்கொண்டிருந்தபோது, சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜினின் இடதுகாது விண்டு, போல்ட்டோடும் கட்டையோடும் தெறித்து ரோட்டில் உருண்டது. இன்ஜின் ஒரு பக்கம் இறங்கிக் கடகடவென்று ஆடியது. அவன் விழவில்லை. விழுந்திருந்தால் பரிதாபமாவது கிடைத்திருக்கும். ஏழு பேர் பார்க்க, வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். ஒருவன் கைபேசியில் படம் எடுத்திருந்தான். "கேப்டன் கப்பலோட கரை சேர்ந்தாச்சு" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருந்தான்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் உடைந்த துண்டைப் பார்த்ததும் கேட்டார். "யாரு முடுக்குனது? மரை கழண்டவன் மாதிரி முடுக்கியிருக்கான்."

"கடைல சொன்னபடிதான் முடுக்கினேன்" என்றான் கேப்டன்.

அவள் வாசலில் நின்று அதைக் கேட்டாள். அவன் அதைச் சொன்ன வேகத்தைப் பார்த்தால், சொல்லும்போதே அதை நம்பவும் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தது. அடுத்த மூன்று நாள் வீடு நெருப்பாக இருந்தது. சோற்றுத்தட்டு சுவரில் மோதியது. இரண்டாம் நாள் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டான். அவள் சமையலறையிலிருந்து கழிவறைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடந்து பழகட்டும்னுதான் செய்யறான்" என்றாள்.

நாலாம் நாள் ஊன்றுகோலைத் தானே இறக்கிக் கொடுத்து, "வா, கடைக்குப் போறோம்" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று அவன் வழியில் சொல்லித் தரவில்லை. தேவையில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உடைந்த காதைக் கவுன்டரில் டொக்கென்று வைத்தான். "முதலாளியைக் கூப்பிடு."

முதலாளி உள் அறையிலிருந்து வந்தார். பருத்த உடம்பு, சச்சரவென்றால் வியர்க்கிற மனிதர். கேப்டன் கடை முழுவதும் கேட்கும்படி சொன்னான். "உங்க ஆளு சொன்னபடி மாட்டினேன். இன்ஜின் காதே போச்சு. நடுரோட்டுல உயிர் போயிருக்கும். எங்க கூட்டத்துல எட்டுப் பேரு. எட்டுப் பேரும் இந்தக் கடைலதான் வாங்கறோம். இனிமே வாங்கணுமா வேணாமான்னு சொல்லுங்க."

அகராதி துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார், நாப்பத்தஞ்சுக்கு மேல போகாதீங்கன்னு பெட்டி மூடிலயே எழுதிக் குடுத்தேனே."

"எந்த மூடி? கை வலிக்கிற வரைக்கும் முடுக்குங்க, அப்பத்தான் கட்டை அசையாதுன்னு சொன்னே. இப்ப மாத்திப் பேசறியா?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அகராதியின் முகத்தில் கலவரமே இல்லை. அவர் பார்வை கேப்டனைத் தாண்டி, ஊன்றுகோலோடு நின்றவளிடம் வந்தது. வந்ததும் அந்த முகம் தெளிந்தது.

"அம்மா கூடத்தான் இருந்தாங்க. அவங்களையே கேளுங்க முதலாளி. இதே வேலை பாத்தவங்க, அவங்களுக்கு நம்பர் மறக்காது." பழைய ஸ்டூலை எடுத்து மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காந்து சொல்லுங்கம்மா."

கேப்டன் அவள் தோளில் கையை வைத்தான். அழுத்தவில்லை. சும்மா வைத்தான்.

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். திறந்த அந்த நொடிக்குள் பரண்மேல் கிடந்த ஊன்றுகோல் வந்தது, சமையலறைச் சுவர் வந்தது, இன்று ராத்திரி வந்தது. அவற்றையெல்லாம்கூட அவள் தாண்டியிருக்கலாம். தாண்ட முடியாமல் நின்றது வேறொன்று. எதிரில் நிற்கிற இந்த மனிதர் நல்லவர், இவர் தாங்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றியது. இவரால் தன்னை அடிக்க முடியாது.

"நம்பர்லாம் ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். "நல்லா இறுக்கிடுங்கன்னுதான் சொன்னாரு."

கடையில் யாரோ "ச்சே" என்றார்கள். அகராதி, புரியாத பாஷையில் யாரோ பேசியதைப் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

"பத்தொன்பது வருஷம்" என்றார் முதலாளி அவரிடம், நெற்றியைத் துடைத்தபடி. "பத்தொன்பது வருஷம் இருந்துட்டு இப்படிப் பண்ணலாமா?"

இன்ஜின் காதை முதலாளியே சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார். புதுக் கட்டைகளும் தந்தார். அகராதி அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டார் என்று கேப்டன் மறுநாள் வீட்டில் சொன்னான், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நல்ல நாட்கள் அவளுக்குக் கல்யாணமாகி வாய்த்ததில்லை. தெருவைக் கடக்கும்போது கேப்டன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கால் பயிற்சிக்குப் போக ஆட்டோ பிடித்துவிட்டான். கூட்டத்திலிருந்து யாரோ வந்தபோது, "இவ மட்டும் அன்னிக்குச் சரியா பேசலேன்னா அந்தாளு என்னை ஏமாத்தியிருப்பான்" என்றான். மாமியார்கூட ஒரு நாள், "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். அவள் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்திருந்தது சுகமாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

மூன்றாவது வாரம் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அகராதியின் வீட்டைத் தேடிப் போனாள். கடையின் எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் வழி சொன்னார். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. "யாரும்மா? அடடா, கால் வேற முடியலையா, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து வந்த அகராதி அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார்.

"யாருங்க இவங்க?" என்றாள் மனைவி.

"கடைக்கு வர்றவங்க. ஒரு சாமான் விஷயமா கேக்க வந்திருப்பாங்க" என்றார்.

மனைவி உள்ளே போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. நானும் அங்கதானே இருந்தேன்."

அவள் அழுதாள். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிகிற வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் பழைய முதலாளிக்குத்தான் போன் போடறாங்க. தப்பா சொல்லி வண்டியை ஒடைச்ச ஆளுன்னு அவரு சொல்றாரு. அவரு மேல தப்பில்ல, அவருக்கு அப்படித்தான் தெரியும். நான் போய்ப் பேசினேன். அவங்களே வந்து சொன்னா பாக்கலாம்னாரு." நிறுத்தினார். "உங்க வீட்டுக்காரர் பேரையே எடுக்க வேணாம். அன்னிக்கு எனக்கு ஞாபகம் இல்ல, இப்ப ஞாபகம் வந்துச்சு, நம்பர் சொன்னாருன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு முதலாளி தனியா இருப்பாரு. வரீங்களா?"

"வரேண்ணே. கண்டிப்பா வரேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

அப்போது அவள் சொன்னது பொய் இல்லை. வாசல் வரை வந்து அவள் படியிறங்கக் கை கொடுத்தார் அவர். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அடுத்த தடவை வந்தா சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள்.

வியாழக்கிழமை அவள் சீக்கிரமே எழுந்து குளித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒன்பதரைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது கேப்டன் வண்டியோடு நின்றிருந்தான். முந்தின நாள் மாலைதான் மெக்கானிக்கிடமிருந்து வந்திருந்தது. இன்ஜின் மூடி புதுசு, கோடு இல்லை. இரண்டு பக்கமும் புதுக் கட்டைகள்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன்" என்றான். "நானே பயிற்சிக்குக் கொண்டுபோய் விடறேன். விழுந்ததுக்கு அப்புறம் நீ ஏறவே இல்லையே."

அவள் தயங்கினாள். அவன் குனிந்து பின்னிருக்கையின் கால்மிதியைத் தன் கையாலேயே இறக்கினான். அவள் காலை மெதுவாகத் தூக்கி அதன் மேல் வைத்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். விழுந்த அன்று கேட்காத கேள்வி அது. ஊன்றுகோலை வாங்கித் தன் முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டான்.

பயிற்சி நிலையத்துக்கு இரண்டு வழி. அவன் கடைத்தெரு வழியாகப் போனான். வேண்டுமென்று இல்லை, அங்கே ரோடு நன்றாக இருந்தது. மெதுவாகவே ஓட்டினான், புதுப் பொருளை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஓட்டுகிற வேகம்.

தூரத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். கடைப் படிக்குக் கீழே அகராதி நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, முழுக்கைப் பொத்தானும் போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தவர், வண்டியைக் கண்டதும் நிமிர்ந்தார். ஓட்டுகிறவனைப் பார்த்துத் திகைத்தார். பிறகு பின்னால் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். கணவனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவசரமாகப் படியோரம் நின்ற ஒரு சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

கேப்டனும் பார்த்துவிட்டான். வேகத்தைக் குறைத்தான். "இவன் எதுக்கு இங்க நிக்கிறான்? நிறுத்தி என்னான்னு கேக்கவா?"

நிறுத்தினால் போதும். மற்றது தானாக நடந்துவிடும். அகராதி பேசுவார், முதலாளி வெளியே வருவார், அவள் ஆமாம் என்று ஒரு தடவை தலையசைத்தால் போதும். கேப்டனின் முதுகு வெயிலில் சூடாக இருந்தது. அவள் கால் மிதியின் மேல் வலிக்காமல் இருந்தது.

அவன் முதுகில் இரண்டு விரலால் தட்டினாள்.

"வேணாம், போங்க. நேரமாச்சு."

வண்டி சீறிக் கிளம்பியது. கடையைத் தாண்டும்போது அவள் மறுபக்கம் திரும்பி, எதிர்வரிசைக் கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு போனாள். முனையில் வண்டி வளைந்தது. கேப்டன் இடதுபக்கம் சாய்ந்தான். அவளும் அவனோடு சேர்ந்து அதே பக்கம் சாய்ந்தாள்.

"ஆங், இப்படித்தான்" என்றான் அவன். "இப்ப கத்துக்கிட்ட."

அகராதி ஒரு மணி வரை நின்றாராம். சாப்பாட்டுக்குக் கடையை அடைத்தபோது முதலாளி ஷட்டரை இழுத்துக்கொண்டே, "வரலையா?" என்று கேட்டிருக்கிறார். "வந்தாங்க" என்றாராம் அகராதி. சைக்கிளை எடுத்து, முதலில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாராம். பஞ்சர் ஒட்டுகிறவர் பிறகொரு நாள் இதைச் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் பயிற்சிக்கு மற்ற வழியாகவே போகச் சொன்னாள். அந்த ரோட்டில் குண்டும் குழியும் அதிகம், காலுக்கு வலித்தது.